டோனி மாரிசனின் தாள்கள்: எஞ்சியவையும் எழுதப்படாதவையும்

1993ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று, ஹட்சன் ஆற்றங்கரையில் இருந்த டோனி மாரிசனின் வீடு தீப்பிடித்து எரிந்தது. ஸ்டாக்ஹோமில் அவர் நோபல் பரிசைப் பெற்றுக்கொண்டு பதினைந்து நாட்களே ஆகியிருந்தன. இலக்கியத்துக்காக அந்தப் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். வீட்டில் இருந்த கையெழுத்துப் பிரதிகளில் சில ஓரம் கருகித் தப்பின. 2023இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகம் நடத்திய கண்காட்சியில் அந்தத் தாள்களைப் பொதுமக்களும் பார்த்தார்கள்.

பிரின்ஸ்டனில் மாரிசன் 1989 முதல் 2006 வரை பேராசிரியராக இருந்தார். அவருடைய நாவல்களின் வரைவுகள், அச்சுப்படிகள், கடிதங்கள், உரைகள் ஆகியவற்றைத் தான் பெற்றுவிட்டதாக அப்பல்கலைக்கழகம் 2014இல் அறிவித்தது. ஒரு பெரிய எழுத்தாளருக்குக் கிடைத்த இயல்பான மரியாதை என்று இதைச் சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் அந்தத் தாள்கள் எழுதப்பட்ட காலத்தில் அவற்றை யாரும் ஆவணமாக நினைக்கவில்லை. அப்போது மாரிசன் மணவிலக்குப் பெற்றவர், இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்தவர், பதிப்பகத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். பிள்ளைகள் கண்விழிக்கும் முன், விடியாத பொழுதில், மஞ்சள் தாளில் பென்சிலால் எழுதினார். முதல் நாவல் 1970இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 39. அத்தகைய தாள்கள் ஒரு நூலகத்தின் பெட்டிக்குப் போய்ச் சேரச் சொந்த வருமானம், சொந்த வீடு, பிற்பாடு ஒரு பேராசிரியர் பதவி எல்லாம் தேவைப்பட்டன. அவருக்கே இத்தனை தேவைப்பட்டதென்றால், இவற்றில் எதுவுமே வாய்க்காத பெண்களின் தாள்கள் என்னவாகியிருக்கும்?

மாரிசனின் எழுத்து முழுவதும் பிரின்ஸ்டனிலும் இல்லை. ராண்டம் ஹவுஸ் பதிப்பகத்தில் ஆசிரியராக இருந்தபோது எழுத்தாளர்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், அந்த நிறுவனத்தின் கோப்புகளுக்குள் இருக்கின்றன. பிரதியை ஏற்க முடியாது என்று சொல்லும் கடிதங்களும் அவற்றில் உண்டு. ஏஞ்சலா டேவிஸின் தன்வரலாற்றையும் கேல் ஜோன்ஸின் முதல் நாவலையும் செப்பனிட்டு வெளிக்கொண்டுவந்தவர் அவர்தான். டோனி கேட் பம்பாரா 1995இல் இறந்தபோது ஒரு பெரிய நாவலின் பிரதியை விட்டுச் சென்றார். மாரிசன் அதைச் செப்பனிட்டார். 1999இல் அது நூலாக வந்தது. தோழியின் தாள்கட்டு பெட்டிக்குள் முடங்காமல் வாசகர் கைக்கு வந்தது இந்த உழைப்பால்தான். ஆனால் செப்பனிடும் உழைப்பு நூலின் முகப்பில் தெரிவதில்லை. அதன் தடத்தைக் கடிதங்களில்தான் தேட வேண்டியிருக்கிறது.

அந்தப் பதிப்பக வேலையிலேயே மார்கரெட் கார்னரும் மாரிசனுக்கு எதிர்ப்பட்டார். கறுப்பின மக்களின் வரலாற்றைப் பழைய படங்கள், விளம்பரங்கள், செய்தித் துணுக்குகள் வழியாகச் சொல்லும் ‘தி பிளாக் புக்’ 1974இல் வெளிவந்தது. அதற்கான பணியில் 1856ஆம் ஆண்டின் ஒரு செய்தி அவர் கண்ணில் பட்டது. கென்டக்கியில் அடிமையாக இருந்த கார்னர், உறைந்து கிடந்த ஒஹையோ ஆற்றைக் கடந்து குடும்பத்தோடு தப்பினார். பிடிபடும் நிலை வந்தபோது, மீண்டும் அடிமையாகக் கூடாதென்று தன் சின்னஞ்சிறு மகளைக் கொன்றார். சிறையில் அவரைச் சந்தித்த ஒரு பாதிரியார் எழுதிய குறிப்பு அது.

கார்னரைப் பற்றி நிறையக் காகிதங்கள் உண்டு. உரிமையாளரின் கோரிக்கை இருக்கிறது, நீதிமன்றப் பதிவு இருக்கிறது, பத்திரிகைச் செய்திகள் இருக்கின்றன. அவரைக் கொலைக் குற்றவாளியாக விசாரிப்பதா, தப்பியோடிய உடைமையாகத் திருப்பி அனுப்புவதா என்று சட்டம் வாதிட்டது. இறுதியில் திருப்பி அனுப்பியது. 1858இல் அவர் காய்ச்சலில் இறந்தார். அவர் தன் கைப்பட எழுதிய ஒரு வரிகூட நம்மிடம் இல்லை.

1987இல் வந்த ‘பிலவ்ட்’ நாவலின் வேர் இங்கே இருக்கிறது. கார்னரின் வரலாற்றை எழுதியதாக மாரிசன் சொல்லிக்கொள்ளவில்லை; அந்தத் தாயின் மனத்துக்குள் என்ன நடந்திருக்கும் என்பதைக் கற்பனை செய்தார். ஆவணம் கைவிட்ட இடத்திலிருந்துதான் அந்தக் கற்பனை புறப்பட்டது. ஆகவே பிரின்ஸ்டனில் இருக்கும் வரைவுகளை ஒரு மேதையின் எழுத்துப் பழக்கத்துக்குச் சான்றாக மட்டும் படித்தால் போதாது. ஒரு பெண்ணின் வாக்குமூலத்தைக் காகிதத்தில் பதியாமல் போன சமூகத்தின் மீதான குற்றச்சாட்டாகவும் அவற்றைப் படிக்க வேண்டும்.

பெண்களின் வரலாற்றைத் தேடுகிற நமக்கு இதில் ஒரு வழிகாட்டல் இருக்கிறது. ஒரு பெண்ணின் பெயர் எழுதிய பெட்டியைத் தேடுவதோடு நின்றுவிடக் கூடாது. நிறுவனக் கோப்பையும், தோழியின் கையெழுத்துப் பிரதியையும், நீதிமன்றக் கட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அங்கே அவளைப் பற்றி எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்று கேட்க வேண்டும். நம் காலத்துப் பெண்களின் தாள்கள் ஓரம் கருகும் முன்பே அவற்றைச் சேர்த்து வைக்கவும் வேண்டும்.