இருங்களூர் வரைக்கும் வந்த ஒரு ஜெர்மன் குடும்பம்

பாலக்கரையில எந்த டீக்கடையில நின்னு பேச்சுக் கொடுத்தாலும் ரெண்டாவது கேள்வி இதுவாத்தான் இருக்கும்: "உங்களுக்குச் சொந்த ஊரு எது?" எனக்கு வீடு பாலக்கரை, கொல்லை இருங்களூர்ப் பக்கம். கொள்ளிடம் தாண்டி, சமயபுரத்துக்கு அந்தப் பக்கம். இப்ப அங்க மருத்துவக் கல்லூரி இருக்கறதால சென்னைக்காரங்களுக்கும் ஊர்ப் பேரு தெரியுது. ஆனா இருங்களூர்னா எனக்கு ஒரு ஜெர்மன் குடும்பம்தான் ஞாபகத்துக்கு வரும். "சொந்த ஊரு எது"ன்னு அந்தக் குடும்பத்துக்கிட்ட கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாங்கன்னு ரொம்ப நாளா யோசிக்கிறேன்.

குடும்பப் பேரு கோல்ஹாஃப். முதல்ல வந்தவர் யோகான் பல்தாசர் கோல்ஹாஃப். 1711ல பால்டிக் கடலோரப் பொமரேனியாவுல, நோய்வார்ப்ங்கற சின்ன ஊர்ல பிறந்தவர். 1737ல தரங்கம்பாடியில வந்து இறங்கினார். தரங்கம்பாடி அப்ப டென்மார்க் ராஜா கையில இருந்துச்சு. கோட்டை டேனிஷ்காரங்களுது, ஊழியத்துக்கு வந்த பாதிரிமாரு பெரும்பாலும் ஜெர்மானியர், ஜெர்மனியில ஹாலேங்கற ஊர்ல படிச்சவங்க. 1706ல வந்த சீகன்பால்கு தொடங்கி வச்ச வரிசை அது. பல்தாசர் 53 வருஷம் இங்கயே இருந்து 1790ல இறந்தார்.

அவர் பையன் யோகான் காஸ்பர் 1762ல தரங்கம்பாடியிலயே பிறந்தவர். அவரை வளர்த்து ஆளாக்கினது சுவார்ட்ஸ் ஐயர். பாதிரியாரை அந்தக் காலத்துல ஐயர்னுதான் கூப்பிடுவாங்க. தெப்பக்குளத்துக்குப் பக்கத்துல 1766ல கட்டின கிறிஸ்து நாதர் ஆலயம் இருக்கே, அது சுவார்ட்ஸ் கட்டினது. அவரு கல்யாணம் பண்ணிக்கல. காஸ்பரைப் பிள்ளை மாதிரி வச்சுக்கிட்டார். தஞ்சாவூர் சரபோஜி மன்னரும் சுவார்ட்ஸ் பாதுகாப்புல வளர்ந்தவர்தான்.

1787ல, அப்பா இங்க வந்து அம்பது வருஷம் ஆன அதே வருஷம், காஸ்பர் குருப்பட்டம் வாங்கினார். 1798ல சுவார்ட்ஸ் இறந்த பிறகு தஞ்சாவூர்ப் பொறுப்பு இவர் தலையில விழுந்துச்சு. 1826ல ஈஸ்டருக்குத் தஞ்சாவூர் வந்த ஹீபர் பிஷப்பை வரவேற்ற பெரியவர் இவர்தான். அந்த ஹீபர் அடுத்த வாரமே, ஏப்ரல் 3ஆம் தேதி, நம்ம திருச்சியில குளிக்கப் போன இடத்துல இறந்துபோனது தனிக்கதை. காஸ்பர் 1844 வரைக்கும் இருந்தார்.

மூணாவது தலைமுறை கிறிஸ்டியன் சாமுவேல் கோல்ஹாஃப். இவர்தான் எங்க பக்கம் வந்தவர். இருங்களூர்ல இருந்துக்கிட்டு சுத்துப்பட்டு கிராமங்களப் பாத்துக்கிட்டார். 1876ல தாது வருஷப் பஞ்சம் வந்து சனங்க கொத்துக் கொத்தா செத்த காலமும் அவர் காலத்துலதான். 1881ல இருங்களூர்லயே இறந்தார். 1737லேருந்து 1881 வரைக்கும் கணக்குப் போட்டா 144 வருஷம். தாத்தா கடலோரத்துல, அப்பா தஞ்சாவூர்ல, பேரன் கொள்ளிடத்துக்கு வடக்க.

இதே நேரத்துல இன்னொரு கப்பல் மேற்க போச்சு. ஹைன்ரிக் மெல்கியோர் மூலன்பெர்க், இவரும் 1711ல பிறந்தவர், இவருக்கும் ஹாலே தொடர்புதான். முதல்ல இவரையும் இந்தியாவுக்கு அனுப்பறதாத்தான் பேச்சு. கடைசியில 1742ல அமெரிக்காவுல பென்சில்வேனியாவுக்கு அனுப்பிட்டாங்க. அங்க ஏற்கெனவே ஆயிரக்கணக்குல ஜெர்மன் விவசாயிங்க காடு திருத்திக்கிட்டு இருந்தாங்க. அப்படி ஒரு குடியேறிக் குடும்பத்துலதான் பொண்ணு எடுத்தார். மாமனார் கான்ராட் வைசர் பண்ணை வச்சிருந்தவர். மூலன்பெர்க்கோட ஒரு பையன் பீட்டர் சுதந்திரப் போர்ல தளபதி. இன்னொரு பையன் ஃபிரெடெரிக் 1789ல அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையோட முதல் சபாநாயகர்.

ஒரே வயசுக்காரங்க ரெண்டு பேரு. ஒருத்தர் குடும்பம் அங்க நாட்டையே நடத்துற இடத்துக்குப் போச்சு. இன்னொருத்தர் குடும்பம் இருங்களூர்ல முடிஞ்சுது. ஏன் இந்த வித்தியாசம்னு கேட்டா, விவசாயியா எனக்குத் தோணுற பதில் நிலம்தான். அமெரிக்காவுல அந்த மண்ணோட பூர்வகுடிங்களத் தள்ளிவிட்டுட்டு வந்தவங்களுக்கு ஏக்கர் ஏக்கரா பிரிச்சுக் கொடுத்தாங்க. கூட்டமா வந்தாங்க, ஏர் பிடிச்சாங்க, வேர் விட்டாங்க. காவிரிக்கரையில ஒரு குழி நிலங்கூட சும்மா கிடக்கல. மிராசுதார், குத்தகைக்காரர், பண்ணையாள்னு ஒவ்வொரு வரப்புக்கும் ஆள் இருந்துச்சு. ஜெர்மன்காரர் இங்க வந்து ஏர் பிடிக்க வழியே இல்ல. சம்பளம் வந்தது வெளிநாட்டுலேருந்து. கையில இருந்தது தமிழும் ஜெபமும்தான். அதை வச்சுக்கிட்டு மூணு தலைமுறை நின்னிருக்காங்க.

அவங்க மதம் மாத்த வந்தவங்க, அதுல சந்தேகம் இல்ல. அதைப் பத்தி ஆளுக்கொரு கருத்து இருக்கும், இருக்கட்டும். ஆனா வெயிலும் காலராவும் பஞ்சமும் இருக்கற ஊருக்கு மகனும் பேரனும் அதே வேலைக்கு வந்து நின்னாங்கங்கறதை நான் சாதாரணமா எடுத்துக்க மாட்டேன். என் பையனே கொல்லைப் பக்கம் வரமாட்டேங்கிறான்.

கடைசியா ஒண்ணு. அந்த நோய்வார்ப் இப்ப ஜெர்மனியிலயே இல்ல. 1945ல போர் முடிஞ்சதும் எல்லை நகர்ந்து போலந்துக்குப் போயிடுச்சு. ஊர்ப் பேரு நோவே வார்ப்னோ. அங்க இருந்த ஜெர்மானியரை வெளியேத்திட்டாங்க. பல்தாசர் ஊரை விட்டே கிளம்பாம இருந்திருந்தாலும், அந்த வம்சத்துக்கு இன்னைக்கு அந்த ஊரு சொந்தமில்ல.

இனிமே டீக்கடையில யாராச்சும் சொந்த ஊரு கேட்டா, உடனே பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கமாத்தான் இருக்கும். பிறந்த மண்ணா, நிலம் இருக்கற மண்ணா, இல்ல கடைசியில நம்மள வாங்கிக்கிற மண்ணா? பேரன் கோல்ஹாஃபுக்கு அது இருங்களூர்.