நடத்தைச் சிக்கல் உள்ள மாணவர்களுக்கான பள்ளி உதவித் திட்டங்கள்: தருமபுரி மாவட்டம்

வகுப்பில் அடங்காமை, அடிதடி, பொருள்களை உடைத்தல், ஆசிரியரிடம் வரம்பு மீறிப் பேசுதல், அடிக்கடி மட்டம் போடுதல் ஆகிய சிக்கல்கள் உள்ள மாணவர்களைப் பள்ளியை விட்டு அனுப்பாமல் திருத்த முயலும் ஏற்பாடுகள் இவை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இத்தகைய மாணவர்களுக்கென்றே தனிப் பள்ளிகள் நடக்கின்றன. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி அமைப்பில் அப்படியொரு பிரிவு கிடையாது. தருமபுரியிலும் பொறுப்பு முழுவதும் வழக்கமான பள்ளியின் மேல்தான் விழுகிறது. நடைமுறையில் வகுப்பாசிரியர் மேல்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி 2003 ஜூனில் திருத்தப்பட்டது; மாணவரைத் திருத்தும்போது உடலுக்கோ மனத்துக்கோ வலி தரக் கூடாது என்றானது. 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதையே நாடு முழுவதற்கும் விதித்தது. 16ஆம் பிரிவின்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்க முடியாது. ஆக, பிரம்பு போயிற்று, டீ.சி. கொடுத்து அனுப்பும் வழியும் எட்டாம் வகுப்பு வரை அடைபட்டது. இவற்றுக்குப் பதிலாக ஆசிரியர் கையில் என்ன தரப்பட்டது என்பதுதான் இந்தத் திட்டங்களின் வரலாறு. அந்த வரலாறு பெரும்பாலும் செய்தித்தாளின் முதல் பக்கத்தைப் பின்தொடர்ந்தே வந்திருக்கிறது.

2012 பிப்ரவரியில் சென்னைப் பாரிமுனைப் பகுதிப் பள்ளியொன்றில் ஆசிரியை ஒருவர் வகுப்பறையிலேயே மாணவனால் கொல்லப்பட்டார். அதற்குப் பின் வந்தது நடமாடும் உளவியல் ஆலோசனை மையம். உளவியல் வல்லுநரோடு பள்ளி பள்ளியாகச் செல்ல மாநிலம் முழுவதற்கும் 10 வாகனங்கள். அப்போதிருந்த 32 மாவட்டங்களுக்குப் பங்கிட்டால் மூன்று மாவட்டத்துக்கு ஒன்று. ஒகேனக்கல் காட்டோரம் முதல் சித்தேரி மலைவரை பரந்த தருமபுரி மாவட்டத்தில் அந்த வண்டி ஒரே பள்ளிக்கு மறுபடி எப்போது வரும் என்று கேட்பது நியாயமான கேள்வி. ஒரு முறை பேசிவிட்டுப் போவது விழிப்புணர்வு. ஆலோசனை என்பது அடுத்த சந்திப்பில்தான் தொடங்குகிறது.

கொரோனாவுக்குப் பின் பள்ளிகள் திறந்தபோது ஆசிரியரை மிரட்டும் மாணவர்களின் காணொலிகள் வரிசையாகப் பரவின. ஒழுங்கீனமாக நடப்போர் நீக்கப்படுவர், காரணம் மாற்றுச் சான்றிதழிலும் நன்னடத்தைச் சான்றிதழிலும் எழுதப்படும் என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் பள்ளிக் கல்வி அமைச்சர் அறிவித்தார். அதே ஆண்டு வெளியான வழிகாட்டு நெறிமுறைகள் இவ்வளவு கடுமையானவை அல்ல, படிப்படியானவை. முதலில் ஆலோசனை. தவறு தொடர்ந்தால் ஐந்து திருக்குறளைப் பொருளோடு ஒப்பித்தல், நீதிக்கதை சொல்லுதல், நாளிதழ்ச் செய்திகளைத் தொகுத்து வகுப்பில் படித்தல், தலைவர்களைப் பற்றி எழுதுதல் என்று பணிகள். அதற்கும் மசியாவிட்டால் அருகிலுள்ள காவல் நிலையத்தின் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் பேசுவார். கடைசியாக, வேறு அரசுப் பள்ளிக்கு மாற்றம். குறளைத் தண்டனையாக்கலாமா என்று தமிழாசிரியர்கள் முகம் சுளிக்க இடமுண்டு. ஆனாலும் முட்டி போட வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

மறு ஆண்டே இந்த ஏற்பாடு தருமபுரியில் சோதனைக்கு உள்ளானது. 2023 மார்ச்சில் பாலக்கோடு பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் செய்முறைத் தேர்வு முடிந்த கையோடு பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் வகுப்பறைப் பொருள்களை உடைத்தனர். காணொலி பரவியது, சிலர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். பொதுத்தேர்வு வாசலில் நிற்கும் மாணவர்களிடம் படிப்படியான திருத்தத்துக்குக் காலம் ஏது?

ஆனால் இம்மாவட்டத்தின் பெரிய சிக்கல் காணொலியில் வராதது. 2011 கணக்கெடுப்பில் மாநில எழுத்தறிவு 80.09 விழுக்காடு, தருமபுரி 68.54 விழுக்காட்டுடன் கடைசி இடம். பென்னாகரம், அரூர் பக்கத்துக் குடும்பங்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கட்டட வேலைக்கும் பனியன் கம்பெனிக்கும் போகின்றன. பிள்ளை பாட்டி வீட்டில் நிற்கிறது, அல்லது பருவத்துக்குப் பருவம் பள்ளி மாறுகிறது. விட்டு விட்டு வருபவனுக்குப் பாடம் புரிவதில்லை. புரியாதவன் கடைசி பெஞ்சில் வம்பு செய்கிறான். அவனைக் கண்டித்துப் பெற்றோரை அழைத்து வரச் சொன்னால், அழைத்து வர ஊரில் ஆள் இல்லை. எனவே இடைநின்றோருக்கான உண்டு உறைவிடச் சிறப்புப் பயிற்சி மையங்களும், 2004இல் மத்திய அரசு தொடங்கிய கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயா பெண்கள் விடுதிகளும், பெயரளவில் ஒழுங்குத் திட்டங்கள் அல்ல என்றாலும், இங்கே அந்த வேலையைச் செய்கின்றன. 2022இல் மறுகட்டமைக்கப்பட்ட பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோரே பெரும்பான்மையினர். ஊரில் இருக்கும் பெற்றோர் என்று சேர்த்துப் படிக்க வேண்டும்.

மாணவர் தாமே உதவி கேட்க 14417 கல்வி உதவி எண்ணும் 1098 குழந்தைகள் உதவி எண்ணும் உள்ளன. ‘மாணவர் மனசு’ புகார்ப் பெட்டி, பாலியல் புகார்களை அடுத்து 2021இல் வகுக்கப்பட்ட மாணவர் பாதுகாப்பு ஏற்பாட்டின் பகுதி.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் சாதி வெறியோடு வெட்டப்பட்டதை அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. 500க்கு மேல் மாணவர்கள் உள்ள உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. அந்த எண்ணிக்கை வரம்பை அப்படியே வைத்தால் தருமபுரியின் மலையடிவாரச் சிறு பள்ளிகள் அதற்குள் வரா.