கையில் ஒரு கடற்கரை: பாசிமணிகளைப் பற்றிச் சில குறிப்புகள்

போன பொங்கலுக்கு வந்திருந்த அண்ணன் மகள் கையில் ஒரு வெள்ளிக் கைச்சங்கிலி. 'சார்ம் பிரேஸ்லெட்' என்றாள். ஒரு நட்சத்திர மீன், ஒரு நங்கூரம், ஒரு குட்டிக் கலங்கரை விளக்கம் என்று அதில் கோத்திருந்தது. கோவா போனபோது ஒன்று, அந்தமான் போனபோது ஒன்று என்று வாங்கிச் சேர்த்தாளாம். என் கையைப் பார்த்துவிட்டு, "அத்தை, உன்னோடதும் இதே மாதிரிதானே? இதெல்லாம் எங்க வாங்குன?" என்று கேட்டாள்.

என்னுடையது கறுப்பு நூலில் கோத்தது. கல்லூரி நாட்களிலிருந்து நூல் அறுந்து அறுந்து பலமுறை மாற்றியிருக்கிறேன். மொத்தமே மூன்று உருப்படி: ராமேஸ்வரம் கோயில் தெருவில் வாங்கிய ஒரு சங்குத் துண்டு, திருச்செந்தூர் மணலில் கிடைத்த ஓட்டைச் சிப்பி, செங்கல் நிறத்தில் மிளகைவிடச் சின்னதாக ஒரு கண்ணாடி மணி. சங்குக்குக் கதை ஒன்றும் இல்லை, பத்து ரூபாய். மற்ற இரண்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கித்தான் இந்தக் குறிப்புகள் இவ்வளவு நீண்டுவிட்டன.

முதலில் அவளுடைய நகை. நினைவுகளைச் சங்கிலியில் தொங்கவிடும் இந்த வழக்கத்தை ஐரோப்பாவில் நாகரிகமாக்கியதில் விக்டோரியா மகாராணிக்குப் பெரும் பங்கு உண்டு. 1840 நவம்பரில் மூத்த மகள் பிறந்தபோது கணவர் ஆல்பர்ட் அவருக்கு ஒரு தங்கக் கைச்சங்கிலி கொடுத்தார். குழந்தைக்கு ஒன்றாக இதய வடிவப் பதக்கங்கள் அதில் சேர்ந்துகொண்டே போயின. ஒன்பது குழந்தைகள், ஒன்பது பதக்கம், ஒவ்வொன்றுக்குள்ளும் அந்தக் குழந்தையின் முடி. 1861-இல் ஆல்பர்ட் இறந்த பிறகு மகாராணி துக்க நகைகளுக்கு மாறினார். அதனால் பிழைத்தது விட்பி என்ற கடலோர ஊர். அங்குள்ள பாறைச் சரிவுகளிலும் கரையிலும் 'ஜெட்' என்ற கரிய பொருள் கிடைக்கும். பதினெட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் புதைந்த மரம் அது. அதைக் கடைந்து மணியாக்கி இங்கிலாந்து முழுக்க விற்றார்கள். மணியைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிற இன்றைய ரகத்தை உலகமெங்கும் பரப்பியது டென்மார்க்கின் பண்டோரா கம்பெனி. அது தொடங்கியது 1982-இல், இந்தக் கைச்சங்கிலியை விற்க ஆரம்பித்தது 2000-இல். அவ்வளவுதான் அந்தக் கதை. எனக்கு இதைவிடச் சிப்பியின் கதைதான் பிடிக்கும்.

திருச்செந்தூர் சிப்பியில் ஓட்டை போட்டது நானில்லை. கரையில் கிடக்கும் சிப்பிகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சிலவற்றில் துளைக் கருவியால் போட்ட மாதிரி கச்சிதமான ஒரு வட்டத் துளை இருக்கும், வெளிப்பக்கம் அகலமாக, உள்ளே போகப் போகக் குறுகலாக. அது ஒரு கொலையின் தடயம். நிலவு நத்தை என்றொரு கடல் நத்தை மணலுக்கடியில் ஊர்ந்துபோய்ச் சிப்பியைத் தன் பாதத்தால் கவ்விக்கொள்ளும். அமிலம் சுரந்து ஓட்டை இளக்கும், நாக்கிலுள்ள பற்களால் சுரண்டும், மறுபடி அமிலம். பல மணி நேரம் இப்படி வேலை பார்த்துத் துளை விழுந்ததும் உள்ளே இருக்கிற சதையைத் தின்றுவிட்டுப் போய்விடும். மிஞ்சிய ஓட்டை நமக்கு நூல் கோக்க வசதியாக அமைந்துவிடுகிறது.

மனிதர்கள் அணிந்த மணிகளில் நமக்குத் தெரிந்த மிகப் பழையவை கடல் நத்தை ஓடுகளே என்பது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். மொராக்கோவில் பிஸ்மூன் என்ற குகையில் கிடைத்த 33 ஓடுகள் 1,42,000 முதல் 1,50,000 ஆண்டுகள் பழையவை என்று 2021-இல் அறிவித்தார்கள். தென்னாப்பிரிக்காவின் பிளாம்பாஸ் குகையில் கிடைத்த நத்தை ஓடுகளுக்கு வயது சுமார் 75,000. அவற்றின் துளை ஓரத்தில் நூல் உரசித் தேய்ந்த வழவழப்பு இன்னமும் தெரிகிறது. என்னை அதிகம் யோசிக்க வைத்தது அல்ஜீரியாவில் ஊவத் ஜெப்பானா என்ற இடத்தில் கிடைத்த ஒற்றை ஓடு. அந்த இடம் கடலிலிருந்து ஏறக்குறைய 200 கி.மீ. உள்ளே இருக்கிறது. யாரோ அவ்வளவு தூரம் அதைக் கொண்டுபோயிருக்கிறார்கள், அல்லது கைமாறிக் கைமாறிப் போயிருக்கிறது. கடலையே பார்த்திராத ஒருவர் அதை அணிந்திருக்கவும் கூடும்.

வேலையே செய்யாமல் கிடைக்கும் மணிகளும் உண்டு. இங்கிலாந்தின் வடகிழக்கில் லிண்டிஸ்பார்ன் என்ற தீவின் கரையில் நடுவில் துளையோடு சின்னச் சின்னக் கல்வட்டுகள் கிடைக்கும். 687-இல் இறந்த கத்பர்ட் என்ற துறவி புயல் இரவுகளில் பாறைமேல் அமர்ந்து அவற்றைச் செய்கிறார் என்று மீனவர்கள் சொல்வார்களாம். அவற்றைக் கோத்து ஜெபமாலையாக வைத்திருந்திருக்கிறார்கள். உண்மையில் அவை முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கடல் அல்லி என்ற உயிரியின் தண்டுத் துண்டுகள், கல்லாகிப் போனவை. இதைச் சொன்னதும் அண்ணன் மகளுக்குக் கத்பர்ட் கதைதான் பிடித்திருந்தது. எனக்கும்தான்.

சரி, கண்ணாடி மணிக்கு வருவோம்.

1986, ஐப்பசி. எனக்கு ஒன்பது வயது. கடலூரிலிருந்து அப்பா என்னைப் புதுச்சேரி பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் அரியாங்குப்பத்தில் இறங்கினார். காக்காயந்தோப்பு வழியாக நடந்து ஆற்றங்கரைக்குப் போனோம். முதல் நாள் பெய்த மழையில் மேடெல்லாம் அரித்திருந்தது. மாமரம், தென்னை, இடிந்த பழைய செங்கல் சுவர். அப்பா குனிந்து மண்ணிலிருந்து எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "ரெண்டாயிரம் வருசம். பத்திரமா வச்சுக்கோ" என்றார். அரிக்கமேட்டு மணி.

அப்பா தமிழாசிரியர். ஆராய்ச்சியாளர் இல்லை, ஆனால் கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பவர். பின்னாளில் நான் படித்தபோதுதான் அந்த மேட்டின் வரலாறு முழுசாகப் புரிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே லெ ஜாந்தீ என்ற பிரெஞ்சு வானியலாளர் அங்குள்ள இடிபாடுகளைக் குறித்து வைத்திருக்கிறார். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1769-இல் புதுச்சேரியில் காத்திருந்து, அன்றைக்கென்று பார்த்து மேகம் மூடி ஏமாந்த அதே பாவப்பட்ட மனிதர்தான். 1937 வாக்கில் புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழுவோ துப்ரேய் அந்த மேட்டில் விளையாடும் பிள்ளைகளிடம் மணிகளையும் கற்களையும் காசு கொடுத்து வாங்கினார். அவற்றில் ஒரு கல்லில் செதுக்கியிருந்த முகத்தை ரோமப் பேரரசர் அகஸ்டஸ் என்று அடையாளம் கண்டார். அரிக்கமேடு உலகத்துக்குத் தெரிய வந்ததற்கு மழையும் அந்தப் பிள்ளைகளின் கண்களும் காரணம் என்று சொன்னால் மிகையில்லை. அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். ரோமானிய மது ஜாடித் துண்டுகளும் இத்தாலியச் செம்பாண்டங்களும் கிடைத்தன. எந்த மண்ணடுக்கில் எது கிடைத்தது என்பதைக் கொண்டு தென்னிந்தியத் தொல்லியலுக்கே ஒரு காலக்கணக்கை நிறுவினார். பிறகு 1947 முதல் 1950 வரை கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. ரோமர்களுக்கு முன்பே அங்கே ஊர் இருந்தது, அவர்கள் போன பின்பும் இருந்தது என்பது பெக்லியின் வேலையால் தெளிவானது. 'ரோமர் வந்து உண்டாக்கின ஊர்' என்ற பேச்சு இன்னும் சில பேர் வாயில் ஓடுகிறது, அது தப்பு.

மணிகளைப் படித்தவர் பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்கர். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொரியா, ஜப்பான் வரை கிடைக்கும் இந்தச் சின்ன ஒற்றை நிறக் கண்ணாடி மணிகளுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயர் வைத்தவர் அவர். அரிக்கமேட்டில் மணிகளோடு உடைந்த கண்ணாடிக் குழாய்களும் கழிவுகளும் கிடைத்தன. ஆகவே அங்கே மணிகள் விற்கப்பட்டது மட்டுமில்லை, செய்யவும் பட்டன. எப்படிச் செய்தார்கள் என்பதற்கு உயிருள்ள சாட்சி திருப்பதிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பாப்பாநாயுடுபேட்டை என்ற ஊரில் அதே முறை நம் காலம் வரை தொடர்ந்து வந்திருக்கிறது. உருகிய கண்ணாடியை ஒரு நீண்ட இரும்புக் குழாயில் கூம்பாகச் சுற்றி, நடுவே ஒரு கம்பியைச் செலுத்திப் பொள்ளலாக்கி, உலையின் மறுபக்கத்திலிருந்து கொக்கியால் இழுக்கிறார்கள். சேமியா இழை மாதிரி பொள்ளல் குழாய் வந்துகொண்டே இருக்கும். ஒரு ஆள் மணிக்கணக்காக அதை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு குழாயைப் பொடிப் பொடியாக நறுக்கி, துளை அடைத்துக்கொள்ளாமலிருக்கச் சாம்பலோடு கலந்து மறுபடி சூடாக்கினால் வெட்டுமுனைகள் உருண்டு மணியாகிவிடும்.

இந்த மணிகள் போய்ச் சேர்ந்த இடங்களில் பெற்ற மரியாதை நம்மூரில் பெறவில்லை. திமோர் தீவில் செங்கல் நிறப் பழைய மணிகளை 'முத்திசாலா' என்று சொல்லிக் குடும்பச் சொத்தாக வைத்திருக்கிறார்கள், கல்யாணத்தில் பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கிறார்கள். இங்கே பாசிமணி என்றால் பஸ் ஸ்டாண்டில் நரிக்குறவர் பெண்கள் விற்கும் மலிவுப் பொருள். வாங்குகிறவர்கள் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுவார்கள். அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கவே 2023 வரை ஆகியிருக்கிறது. மணியைத் தெருத் தெருவாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களை வணிகர் என்று நாம் நினைப்பதே இல்லை.

இவ்வளவும் படித்த பிறகு என் கை உறுத்த ஆரம்பித்தது. அரிக்கமேடு பாதுகாக்கப்பட்ட இடம், அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது. சட்டத்தைக்கூட விடுங்கள். அந்த மணி எந்த அடுக்கில், எந்தப் பானை ஓட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அதன் பேச்சு. அப்பா அதை எடுத்து என் கையில் வைத்த நொடியில் அது ஊமையாகிவிட்டது. மழை அரித்துக்கொண்டு வந்த மணிதானே, அடுக்கு ஏற்கெனவே போய்விட்டதே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். நானும் சில வருஷம் சொல்லிக்கொண்டேன். இந்தப் பொங்கலுக்கு, கொண்டுபோய் அருங்காட்சியகத்தில் ஒப்படைத்துவிடலாம் என்று முடிவு பண்ணி அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "எதை, இதையா? இது அரிக்கமேட்டு மணின்னு யாருடி சொன்னா?" என்றார்.

"அப்பாதாம்மா. என் கையில வச்சாரே."

"அவர் வச்சதை நீ ஸ்கூல்ல தொலைச்சுட்டு வந்து ரெண்டு நாள் சோறு திங்காம அழுதே. தேவனாம்பட்டினம் பீச்சுல ஒரு குறத்திகிட்ட ஒரு சரம் பாசி வாங்கிட்டு வந்து, அதுல ஒண்ண எடுத்து உன் பெட்டிக்கடியில போட்டு வச்சார். காலையில கெடைச்சிருச்சுன்னு குதிச்சே."

எனக்கு அழுததும் நினைவில்லை, தொலைத்ததும் நினைவில்லை. உள்ளங்கையில் ஈர மண்ணோடு மணி இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. "அப்போ இது அந்தச் சரத்து மணிதானா?" என்றேன். "அதுதானா இதுன்னு எனக்கெப்படித் தெரியும்? அதையும் தொலைச்சியோ என்னவோ, பழசே கெடைச்சுதோ என்னவோ. மீதிச் சரம் ரொம்ப நாள் சாமி படத்துல கெடந்துச்சு." அப்பாவைக் கேட்கலாம் என்றால் அவர் போய் பதினோரு வருஷம் ஆகிறது.

கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. முறை ஒன்று, அளவு ஒன்று, நிறமும் ஒன்றே. பாப்பாநாயுடுபேட்டையில் நாற்பது வருஷத்துக்கு முன் இழுத்ததா, அரிக்கமேட்டில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் இழுத்ததா என்று அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. பழைய இந்தியக் கண்ணாடியில் பெரும்பகுதி உள்ளூர் மணலில் செய்தது, அதில் அலுமினா நிறைய இருக்கும். இக்கால ஆலைக் கண்ணாடியில் அது ஓரிரு சதவீதம்தான். எக்ஸ் கதிர் கருவியின் முன் வைத்தால், மணிக்குச் சேதமில்லாமல் சில நிமிஷத்தில் ஓரளவு தெரிந்துவிடும். தெரிந்த ஆய்வாளர் ஒருவர், கொண்டு வாங்க பார்த்துடலாம் என்றார்.

பழையது என்று வந்தால் ஒப்படைக்க வேண்டும், அதில் எனக்குக் குழப்பமில்லை. புதிது என்று வந்தால், அப்பா ஒரு சரம் வாங்கி ராத்திரியில் பெட்டிக்கடியில் கையைவிட்டது நிஜமாகிவிடும். எது வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன் என்று அண்ணன் மகள் கேட்டாள். ரெண்டு தடவை நாள் குறித்தும் நான் போகாமல் இருந்துவிட்டேன் என்பதுதான் இப்போதைக்குப் பதில்.

ஒன்று மட்டும் செய்தேன். நூலை அறுத்து மணியைத் தனியே எடுத்துப் பழைய பிலிம் டப்பா ஒன்றில் பஞ்சு வைத்துப் போட்டேன். திருச்செந்தூர் சிப்பி அண்ணன் மகளின் வெள்ளிச் சங்கிலிக்குப் போய்விட்டது, நங்கூரத்துக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் நடுவில். டப்பாவுக்குள் ஒரு துண்டுச் சீட்டும் இருக்கிறது: 'செங்கல் நிறக் கண்ணாடி மணி, 1. ஐப்பசி 1986. காக்காயந்தோப்பு ஆற்றங்கரை, அல்லது தேவனாம்பட்டினம் கடற்கரை. கொடுத்தவர்: அப்பா.'