பிள்ளைகளின் நடைக்கு ஏற்ப

கோடை விடுமுறை பிறந்ததும் நம் பங்குகளில் வேன் பேசும் காலமும் பிறந்துவிடுகிறது. வேளாங்கண்ணி, பூண்டி, ஏலாக்குறிச்சி, ஓரியூர் எனத் திருத்தலங்களின் பெயர்கள் ஒரு தாளில் வரிசையாக எழுதப்படுகின்றன. இரண்டு நாளில் எத்தனை இடம் பார்க்கலாம், எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம் என்ற இரு கேள்விகளைச் சுற்றியே குடும்பத்தின் ஆலோசனை நடைபெறுகிறது. முழங்கால் வலியுள்ள பாட்டி, 'நீங்கள் போய் வாருங்கள்' என்று சொல்லிவிடுகிறார். பச்சிளங் குழந்தை உள்ள மருமகளும் பின்தங்கிவிடுகிறார். இருக்கைகள் நிரம்பிவிடுகின்றன, குடும்பம் மட்டும் நிரம்புவதில்லை.

பல ஊர்களில் தங்கிச் செல்லும் குடும்பப் பயணம் நம் காலத்தின் கண்டுபிடிப்பு அன்று. ஆவுடையார்கோவிலைச் சூழ்ந்த இந்தச் சீமை, காவிரிக் கரைக்கும் சேதுக் கரைக்கும் இடையில் அமைந்த வழிநடைச் சீமையாகும். நம் முன்னோர் இவ்வழியே எவ்வாறு பயணம் செய்தனர் என்பதை எண்ணிப் பார்த்தால், நாம் கேட்க மறந்த மூன்றாவது கேள்வி நமக்குக் கிடைக்கும்.

வழியில் நின்றவர்

ஆவுடையார்கோவிலின் பழம்பெயர் திருப்பெருந்துறை. இவ்வூரின் புகழே ஒரு பயணத்திலிருந்து பிறந்தது. பாண்டிய மன்னனின் அமைச்சராயிருந்த வாதவூரர் குதிரைகள் வாங்குவதற்காக அரசாங்கப் பணத்துடன் புறப்பட்டார் என்றும், இவ்வூரில் குருந்த மரத்தடியில் தம் குருவைக் கண்டு அங்கேயே தங்கிவிட்டார் என்றும் சைவ மரபு கூறுகிறது. குதிரைக்கென்று கொண்டுவந்த பணம் கோயிற்பணிக்குச் செலவாயிற்று. அமைச்சர் மாணிக்கவாசகர் ஆனார். அவர் போக நினைத்த இடம் வேறு. அவரைத் தடுத்து ஆட்கொண்ட இடம் வேறு. வழியில் நின்ற ஊரே அவர் வந்து சேர்ந்த ஊராயிற்று.

அவர் அருளிய திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1900ஆம் ஆண்டில் வெளியிட்டவர் ஜி. யு. போப் என்னும் கிறிஸ்தவக் குரு என்பதை நாம் அறிவோம். அப்போது அவருக்கு வயது 80. பிறர் வழிபடும் இடத்தின் முன் மரியாதையோடு நின்று செவிசாய்க்கும் பண்பை அம்முதியவர் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார். இவ்வூர்க் கோயிலில் சோற்றைக் கற்பலகையில் பரப்பி, அதிலிருந்து எழும் ஆவியையே படையலாக்கும் வழக்கம் உண்டு. உருவத்தைக் காட்டாத கருவறையும் ஆவியாகும் படையலும் கொண்ட இக்கோயில், கடந்து செல்பவரை ஒரு கணமேனும் நிற்க வைக்கிறது. நிற்கத் தெரியாதவருக்குப் பயணம் வெறும் இடமாற்றமே.

சேதுச் சாலை

இராமேசுவரம் செல்வோர் தஞ்சைச் சீமையிலிருந்து தெற்கு நோக்கிக் கடலோரமாக வந்த வழி மணமேல்குடி, மீமிசல் ஆகிய ஊர்களின் பக்கமாகச் சென்றது. வடநாட்டிலிருந்து மாதக்கணக்கில் நடந்து வந்தவர்களும் அவ்வழியில் இருந்தனர். வசதி உள்ளோர் மாட்டுவண்டியிலும் பல்லக்கிலும் சென்றனர். மற்றோர் மூட்டையைத் தலையில் சுமந்து நடந்தனர். வெயிலுக்கு முன் புறப்பட்டு, உச்சிப்பொழுதில் ஒரு குளக்கரையில் இளைப்பாறி, இருட்டுமுன் ஒரு கூரையை அடைந்தாக வேண்டும். எங்கே நல்ல தண்ணீர் உண்டு, எங்கே ஆறு குறுக்கிடும், எங்கே இரவு தங்கலாம் என்பனவே அன்றைய பயணத் திட்டத்தின் முதல் எழுத்துகள்.

பிற நாடுகளிலும் இதே நிலைதான். ஸ்பெயின் நாட்டுக் கொம்போஸ்தேலாவில் உள்ள புனித யாகப்பர் திருத்தலத்திற்குச் செல்வோருக்காக 12ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட வழிகாட்டி நூல் ஒன்று உண்டு. அந்நூல் பாதையைத் தங்கல் தங்கலாகப் பிரித்துக் காட்டுகிறது. எந்த ஆற்று நீர் குடிக்கத் தக்கது, எது தகாதது என்று கூறுகிறது. வழியிலுள்ள விருந்தகங்களைப் பெயர் சொல்லிப் போற்றுகிறது. சேருமிடத்தின் சிறப்பைப் பாடுமுன் வழியின் தண்ணீரைப் பற்றிப் பேசியதில் ஓர் ஞானம் இருக்கிறது.

சேதுச் சாலையில் இத்தேவையை உணர்ந்து அறம் செய்தவர்கள் பலர். இராமநாதபுரம் மன்னர்களின் பட்டப்பெயரே சேதுபதி. சேது செல்லும் மக்களைக் காப்பது அவர்களுடைய கடமையாகக் கருதப்பட்டது. தஞ்சை மராட்டிய மன்னர்களோ தங்கள் அரச குடும்பத்துப் பெண்களின் பெயரால் வழிநெடுகச் சத்திரங்கள் எழுப்பினர். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் பெயரிலும், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் பெயரிலும் சத்திரங்கள் எழுந்தன. சேதுபாவாசத்திரம் என்னும் ஊர்ப்பெயர் இன்றும் அந்த அறத்தைச் சுமந்து நிற்கிறது. முக்தாம்பாள் இரண்டாம் சரபோஜி மன்னரின் அன்புக்குரியவர், இளமையில் மறைந்தவர். தம் பெயரால் அன்னசத்திரம் அமைக்குமாறு அவர் இறக்கும் தறுவாயில் வேண்டினார் என்பது வழங்கிவரும் செய்தி. தம் துயரத்துக்கு மன்னர் எழுப்பிய நினைவுச்சின்னம் ஒரு கல்லறை மாடம் அன்று; வழிப்போக்கர் உண்டு உறங்கும் இல்லம்.

1801ஆம் ஆண்டின் மடல்

1799ஆம் ஆண்டில் தஞ்சை நாட்டின் ஆட்சி ஆங்கிலேயக் கும்பினியாரின் கைக்குச் சென்றது. சரபோஜிக்குக் கோட்டையும் பட்டமும் ஓய்வூதியமும் எஞ்சின. அந்நிலையிலும் 1801ஆம் ஆண்டில் அவர் ஆங்கிலேயப் பிரதிநிதி டோரினுக்கு எழுதிய மடலில், இச்சத்திரங்களின் அறங்களுக்கு ஊறு நேரக்கூடாது என்று மன்றாடினார். அங்கே நடைபெற்ற பணிகளையும் அவர் அதில் ஒவ்வொன்றாக விளக்கினார்.

வருவோர் எக்குலத்தவராயினும் அவர்களுக்கு உணவு உண்டு. சமைத்த சோற்றை ஏற்காதவர்க்கு அரிசியும் மற்றப் பொருள்களும் தனியே அளிக்கப்படும். வழியில் நோயுற்றவர்க்கு மருந்தும் அந்நோய்க்கு ஏற்ற பத்திய உணவும் உண்டு. தாய்தந்தையரை இழந்த வழிப்போக்கரின் பிள்ளைகள் சத்திரத்து ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டு, மூன்று வேளை உணவும் எண்ணெய்க் குளியலும் கல்வியும் பெறுவர். கைக்குழந்தைகளுக்குப் பால் தரப்படும். கருவுற்ற பெண் அங்கே பிள்ளை பெற்றால், செலவைச் சத்திரமே ஏற்று, மூன்று மாதம் வரை அவள் தங்க இடமளிக்கும். இறந்தோர்க்கு அவரவர் முறைப்படி இறுதிக்கடன் நிறைவேற்றப்படும்.

இப்பட்டியலை நாம் மெதுவாக வாசிக்க வேண்டும். இது வலிமையுள்ள இளைஞனை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பட்டியல் அன்று. பிள்ளைத்தாய்ச்சியும் கைக்குழந்தையும் நோயாளியும் அனாதையும் பயணம் செய்வார்கள் என்று எதிர்பார்த்து, அவர்களுக்காகவே வழி அமைக்கப்பட்டிருந்தது. 'யாரால் முடியாதோ அவருக்கு என்ன செய்வோம்?' என்பதே அன்றைய திட்டத்தின் கேள்வி. நாம் தொலைத்த மூன்றாவது கேள்வியும் அதுவே.

அக்காலத்தைப் பொற்காலமாக்கிப் போற்றுவதும் உண்மைக்குப் புறம்பாகும். சோறு எல்லோர்க்கும் உண்டு. ஆனால் எல்லோரும் ஒரே பந்தியில் அமர்ந்தனர் என்று கொள்வதற்கில்லை. சாதியின் கோடு சத்திரத்துக்குள்ளும் ஓடியது. நம் திருச்சபையும் இதில் கைகழுவிவிட முடியாது. மதுரை மறைப்பணித் தளத்தில் உயர்குலத்தார்க்கென்று ஒருவகைக் குருக்களும் ஒடுக்கப்பட்டோர்க்கென்று வேறுவகைக் குருக்களும் பணியாற்றினர். தமிழகத்துப் பழைய ஆலயங்கள் சிலவற்றில் இருதிறத்தாரும் தனித்தனியே நின்று வழிபட்டனர். விருந்தோம்பல் என்னும் அறம் இலையில் இடும் சோற்றோடு முடிவதில்லை; யாரருகில் அமர்கிறோம் என்பதிலும் அது சோதிக்கப்படுகிறது.

காலம் மாறியது. 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் இரயில் வண்டி இராமேசுவரம் தீவுக்கே சென்றது. வாரக்கணக்கில் நடந்த வழி சில மணி நேரங்களாகச் சுருங்கியது. கடலோரச் சாலையில் வழிநடையார் கூட்டம் குறைந்தது. சத்திரங்கள் சிலவற்றில் பள்ளிகளும் மாணவர் விடுதிகளும் இயங்கின, சில பாழடைந்தன. விரைவு வந்தபோது விருந்தோம்பல் மெல்ல விடைபெற்றது.

ஓரியூருக்கு நடந்தவர்

இதே சீமையில் நம் நெஞ்சைவிட்டு அகலாத மற்றொரு பயணமும் நடைபெற்றது. ஆவுடையார்கோவிலுக்குத் தெற்கே, பாம்பாற்றங்கரையில் உள்ளது ஓரியூர். லிஸ்பன் நகரில் 1647ஆம் ஆண்டில் பிறந்து, அரண்மனை வாழ்வைத் துறந்து, தமிழ்த் துறவியின் கோலம் பூண்டு இம்மண்ணில் நடந்த புனித அருளானந்தர், 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் அங்கே தலை வெட்டப்பட்டு மறைசாட்சியானார். இராமநாதபுரத்தில் சேதுபதியின் முன் நிறுத்தப்பட்ட அவர், கைதியாக ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். வழிப்போக்கரைக் காப்பதையே பெருமையாகக் கொண்ட நாட்டில், இவ்வழிப்போக்கருக்குக் கிடைத்தது விலங்கும் வாளும். விருந்தோம்பும் மரபுள்ள சமுதாயமும் சில வேளைகளில் சிலரை அந்நியராக்கி வெளியே தள்ளிவிடும் என்பதை இம்மண் அறிந்திருக்கிறது.

ஆயினும் இறப்பதற்கு முந்திய நாள் அவர் தம் உடன் குருக்களுக்கு எழுதிய மடல், சேருமிடத்தை அறிந்த பயணியின் அமைதியோடு விளங்குகிறது. 1947ஆம் ஆண்டில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். இன்று ஓரியூர்ச் செம்மண்ணை எல்லாச் சமயத்தாரும் பக்தியோடு எடுத்துச் செல்கின்றனர். அவர் வாரக்கணக்கில் கால்நடையாகக் கடந்த வழிகளை நாம் வேனில் ஒரு காலைப்பொழுதில் கடந்துவிடுகிறோம். அங்கே அரைமணி நேரம் செலவிட்டு, மண்ணை மடித்துக்கொண்டு, அடுத்த தலத்துக்கு விரைகிறோம். மண் நம்மோடு வருகிறது. அம்மண் சொல்லும் செய்தி வருகிறதா?

யாக்கோபின் திட்டம்

விவிலியம் முழுவதுமே ஒரு வழிநடை நூல் எனலாம். தொடக்க நூலில் யாக்கோபு தம் குடும்பத்தோடு ஊர் திரும்பும் நிகழ்ச்சி ஒன்று வருகிறது. அண்ணன் ஏசா, 'சேர்ந்து புறப்படுவோம்' என்ற கருத்தில் அழைக்கிறார். யாக்கோபோ, பிள்ளைகள் இளையவர் என்பதையும் பால் கொடுக்கும் ஆடுமாடுகள் உடன் இருப்பதையும் எடுத்துக்கூறி, ஒரே நாள் விரட்டினாலும் மந்தை மடிந்துவிடும் என்கிறார். அண்ணன் முன்னே செல்லட்டும்; தாம் பிள்ளைகளின் நடைக்கும் மந்தையின் நடைக்கும் ஏற்ப மெல்ல வருவதாகச் சொல்லி விடைபெறுகிறார். குடும்பப் பயணத்துக்கு இதைவிடச் சிறந்த திட்டம் எங்கே இருக்கிறது?

திருக்குடும்பமும் ஆண்டுதோறும் எருசலேமுக்குப் பயணம் செய்தது. சிறுவன் இயேசு உறவினர் நடுவில் இருப்பார் என்று எண்ணி, மரியாவும் யோசேப்பும் ஒரு நாள் பயணத் தொலைவு கடந்தபின்தான் அவர் இல்லாததை அறிந்தனர் என்று லூக்கா எழுதுகிறார். அப்போது அவர்கள் பயணத்தைத் தொடரவில்லை. திட்டத்தை மாற்றிக்கொண்டு திரும்பிச் சென்று தேடினர். காணாமற்போன ஒருவர் கிடைக்கும்வரை குடும்பத்துக்கு ஊர்போய்ச் சேர்தல் என்பது இல்லை. இது மீட்பின் இலக்கணமும் ஆகும். நம் ஆண்டவர் தொண்ணூற்றொன்பது ஆடுகளோடு நேரத்துக்கு வீடு சேர்பவர் அல்லர்.

ஆகவே, இவ்வாண்டு பயணம் செல்ல எண்ணும் குடும்பங்களுக்கு நாம் பரிந்துரைப்பது எளிது. தலங்களின் பெயர்களை எழுதுமுன் வருவோரின் பெயர்களை எழுதுங்கள். வீட்டில் மூத்தவரும் இளையவரும் எவ்வளவு நேரம் அமர முடியுமோ அவ்வளவே ஒருநாள் வழி எனக் கொள்ளுங்கள். ஆறு தலங்களில் நான்கைக் குறைத்து, எஞ்சிய இரண்டில் திருப்பலியிலும் அமைதியிலும் பொழுதைக் கழியுங்கள். வழியிலுள்ள ஊரின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆவுடையார்கோவிலைக் கடக்கும்போது மாணிக்கவாசகரைப் பற்றியும் சொல்லுங்கள். கட்டுச்சோற்றில் ஒரு பொட்டலம் கூடுதலாக இருக்கட்டும். அதைப் பெறுபவர் யார் என்பதை வழி காட்டும்.

பங்குகளுக்கும் ஒரு கடமை உண்டு. விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்கவேண்டும் என்று புனித ஆசீர்வாதப்பர் தம் சபை ஒழுங்கில் விதித்தார். ஆகஸ்டு இறுதியில் வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் மக்கள் நம் ஊர்களின் வழியே போகின்றனர். அவர்களுக்குக் குடிநீரும், பெண்கள் பயன்படுத்தத் தக்க தூய கழிப்பறையும், பூட்டாத ஒரு கூடமும் கிடைக்குமானால் நம் பங்கே ஒரு சத்திரமாகும். வருபவர் எந்த ஊர், எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று கேட்காத ஒரே பந்தியும் அங்கே விரிக்கப்படுமானால், 1801ஆம் ஆண்டின் மடலில் இல்லாத ஒரு வரியை நாம் எழுதியவர் ஆவோம்.

பாட்டிக்கு ஓர் இருக்கையை முதலில் ஒதுக்குங்கள். வேன் சற்று மெதுவாகச் செல்லட்டும். பிள்ளைகளின் நடைக்கு ஏற்ப நடப்பவர்களோடு ஆண்டவரும் உடன் நடக்கிறார்.