குதிரைப் பந்தயமும் பணம் கட்டுவோரின் உரிமைகளும்: ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

குதிரைப் பந்தயத்தில் நான்கு தரப்பினர் பங்கு பெறுகின்றனர். குதிரையின் உரிமையாளர், அதைப் பழக்கி ஓட்டும் பயிற்சியாளரும் ஜாக்கியும், பந்தயத்தை நடத்தும் கிளப், குதிரை மீது பணம் கட்டும் பொதுமக்கள் என்பவர்களே அவர்கள். முதல் மூன்று தரப்பினரும் தமக்கெனச் சங்கமும் விதிகளும் வகுத்துக்கொண்டனர். பணம் கட்டுவோருக்குச் சட்ட உரிமையும் அமைப்பும் மிகப் பிந்தியே கிடைத்தன. நவீனக் குதிரைப் பந்தயம் வளர்ந்த இங்கிலாந்தில் இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதையும், நம் சென்னைக்கு அதனோடுள்ள தொடர்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

உறுப்பினர்களின் உலகம்

1750இல் இங்கிலாந்துப் பிரபுக்களும் செல்வந்தர்களும் கூடி ஜாக்கி கிளப்பைத் தொடங்கினர். நியூமார்க்கெட் என்னும் ஊர் அதன் தலைமையிடமாயிற்று. அவ்வூருக்காக இயற்றப்பட்ட விதிகள் நாளடைவில் நாடு முழுவதும் ஏற்கப்பட்டன. புதிய உறுப்பினரை ஏற்கெனவே உள்ள உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தனர். பெண்களுக்குப் பயிற்சியாளர் உரிமம்கூட மறுக்கப்பட்டது. புளோரன்ஸ் நேகல் என்ற பெண்மணி நீதிமன்றம் சென்று போராடிய பிறகே, 1966இல் அந்த உரிமம் பெண்களுக்குக் கிடைத்தது. கிளப்பில் பெண்கள் உறுப்பினரானது 1977இல்தான்.

1875இல் திறக்கப்பட்ட சாண்டவுன் பார்க், சுற்றிலும் அடைக்கப்பட்டு, உள்ளே வரும் அனைவரிடமும் நுழைவுக் கட்டணம் வாங்கிய முதல் ஆங்கிலேய மைதானமாகும். பிற மைதானங்களும் இம்முறையைப் பின்பற்றின. உறுப்பினர் பகுதி, டாட்டர்சால்ஸ் பகுதி, சிறு தொகை கட்டுவோருக்கான வெள்ளி வளையம் என்று இடங்கள் கட்டணத்திற்கேற்பப் பிரிக்கப்பட்டன. உறுப்பினருக்கு அடையாள வில்லை, நல்ல இருக்கை, விருந்தினரை அழைத்துவரும் வசதி ஆகியவை கிடைத்தன. ஆனால் கட்டிய பணத்திற்கு எந்தப் பாதுகாப்பும் எவருக்கும் இல்லை. அதற்குக் காரணம் 1845ஆம் ஆண்டுச் சட்டம்.

நீதிமன்றக் கதவு மூடப்படுதல்

1844ஆம் ஆண்டு டெர்பி பந்தயத்தில் ‘ரன்னிங் ரெய்ன்’ என்ற குதிரை முதலாவதாக வந்தது. மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே ஓட வேண்டிய அப்பந்தயத்தில் ஓடியது, பெயர் மாற்றப்பட்ட நான்கு வயதுக் குதிரை என்று பிறகு தெரியவந்தது. இரண்டாவதாக வந்த ‘ஓர்லாண்டோ’வின் உரிமையாளர் கர்னல் பீல், நீதிமன்றத்தின் வழியே வெற்றியைப் பெற்றார்.

மறு ஆண்டே இயற்றப்பட்ட சூதாட்டச் சட்டம், பந்தயத்தில் கட்டிய பணத்திற்காக எவரும் வழக்குத் தொடர முடியாது என்றது. புக்மேக்கர் ஏமாற்றினாலும், தோற்றவர் பணம் தர மறுத்தாலும் நீதிமன்றம் தலையிடாது. இந்நிலை 160 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

இந்த வெற்றிடத்தை நிரப்பியது டாட்டர்சால்ஸ் குழு. 1766இல் ரிச்சர்ட் டாட்டர்சால் லண்டனில் தொடங்கிய குதிரை ஏல நிறுவனத்தில், சந்தா கட்டியவர்கள் கூடிக் கணக்குத் தீர்க்கும் அறை ஒன்று இருந்தது. அங்கு உருவான குழுவே பணத் தகராறுகளை விசாரித்தது. கடனைத் தீர்க்காதவரை மைதானத்திலிருந்து விலக்கிவைக்கும்படி ஜாக்கி கிளப்புக்கு அது அறிவிக்கும். சட்டத்தின் வலிமை இல்லாவிடினும், நான்கு பேர் முன் நம் பெயர் கெடுமே என்ற அச்சம் பலரைப் பணம் கொடுக்க வைத்தது.

ஏழைக்கு வேறு நீதி

பணம் கட்டும் இல்லங்களை 1853ஆம் ஆண்டுச் சட்டமும், தெருவில் பணம் கட்டுவதை 1906ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்தன. மைதானத்திற்குச் செல்ல வசதியுள்ளவரும், புக்மேக்கரிடம் கடன் கணக்கு வைத்திருந்தவரும் தடையின்றித் தொடர்ந்தனர். தெருமுனையில் சில்லறைக் காசு கட்டிய தொழிலாளியே காவலரிடம் சிக்கினார். 1961 மே முதல் நாளன்று உரிமம் பெற்ற பந்தயக் கடைகள் திறக்கப்பட்ட பின்னரே இவ்வேற்றுமை குறைந்தது.

சலுகையிலிருந்து கோரிக்கைக்கு

1968இல் தொடங்கிய ரேஸ்கோயர்ஸ் கிளப், சாதாரண ரசிகர்களும் சேரக்கூடிய சங்கமாக இருந்தது. சந்தா கட்டியவருக்கு நுழைவுக் கட்டணத் தள்ளுபடி, குதிரைப் பயிற்சி நிலையங்களைச் சென்று பார்க்கும் வாய்ப்பு முதலியன கிடைத்தன. இவை ரசிகர் என்ற முறையில் பெற்ற சலுகைகள்.

பணம் கட்டுவோரின் முறையீடுகளைக் கேட்கத் தனித் தீர்ப்பாயச் சேவை ஒன்று 1998இல் தோன்றியது. 2005ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டம் 2007 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபோது, வென்ற பணத்திற்காக வழக்குத் தொடரும் உரிமை மீண்டது. 2015இல் குதிரைப் பந்தயப் பணம் கட்டுவோர் மன்றம் அமைந்தது. தொடர்ந்து வெல்பவரின் கணக்கை நிறுவனங்கள் கட்டுப்படுத்துவது, குதிரைகளைப் பற்றிய தகவல்களை மறைக்காமல் வெளியிடுவது போன்றவற்றை அம்மன்றம் எழுப்பியது. குதிரைக்குச் சுவாச அறுவை சிகிச்சை நடந்திருந்தால் அதை முன்கூட்டியே அறிவிக்கும் வழக்கம் 2018இல் வந்தது.

அமெரிக்காவில் இதே நோக்குடன் 2008இல் ஒரு சங்கம் உருவானது. அங்கே எல்லோரும் கட்டும் பணம் ஒரே தொகுப்பில் சேர்கிறது. அதில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியை வென்றவர்களுக்குப் பகிர்கின்றனர். கென்டக்கி மாநிலத்தின் கீன்லேண்ட் மைதானம் 2017இல், வெற்றிக்கும் இடத்திற்கும் கட்டும் பணத்தில் இந்தப் பிடித்தத்தை 16 விழுக்காட்டிலிருந்து 17.5 ஆக உயர்த்தியது. பணம் கட்டுவோர் பலர் அம்மைதானத்தைப் புறக்கணித்தனர். அடுத்த ஆண்டில் சில வகைகளுக்குப் பிடித்தம் குறைக்கப்பட்டது.

சென்னையின் தொடர்பு

1896இல் தோன்றிய மெட்ராஸ் ரேஸ் கிளப், ஆங்கிலேய முறையைப் பின்பற்றிய உறுப்பினர் கிளப்பாகும். பந்தயத்தில் பணம் கட்டுவதை ஒழிக்கத் தமிழ்நாடு அரசு 1974இல் சட்டம் இயற்றியது. 1986இல் கிளப்பையே கையகப்படுத்தவும் சட்டம் வந்தது. கே. ஆர். லட்சுமணன் வழக்கில் 1996 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று கூறி, 1986ஆம் ஆண்டுச் சட்டத்தைச் செல்லாததாக்கியது.

இத்தீர்ப்பால் கிளப் காக்கப்பட்டது. பணம் கட்டியவரின் நிலையோ வேறு. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பந்தய ஒப்பந்தங்கள் செல்லாது என்கிறது. அதே பிரிவு, வென்ற குதிரைக்கு வழங்கும் 500 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள பரிசுக்காகத் திரட்டும் நிதிக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. உரிமையாளரின் பரிசுக்குச் சட்டத்தில் இடமுண்டு. கூட்டத்தில் நின்று பணம் கட்டியவருக்கு அது இல்லை.

முடிவுரை

மாணவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நூறு ரூபாயில் 16 விழுக்காடு பிடித்தம் போக 84 ரூபாய் திரும்புகிறது. அதையே மீண்டும் மீண்டும் பத்து முறை கட்டினால், சராசரியாக எஞ்சுவது ஏறக்குறைய 17 ரூபாய் 50 காசு. பிடித்தம் 17.5 விழுக்காடானால் 14 ரூபாய் 60 காசு. ஒன்று திரண்டு போராடினால் இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள மூன்று ரூபாயை மீட்கலாம், ஏமாற்றையும் தடுக்கலாம். போய்விட்ட எண்பது ரூபாயைத் திருப்பித் தரும் சங்கம் எங்கும் தோன்றியதில்லை. பணம் கட்டுவோரின் உரிமை வரலாற்றைப் படிப்போர் இதையும் சேர்த்தே அறிந்திருக்க வேண்டும்.