ரீட்வில் முகாமும் 54-ஆம் படைப்பிரிவும்

பாஸ்டனை அடுத்த ரீட்வில்லில் இருந்தது மெய்க்ஸ் முகாம். அமெரிக்க உள்நாட்டுப் போருக்காக மாசசூசெட்ஸ் மாநிலம் திரட்டிய தன்னார்வப் படைகள் பல இங்கே பயிற்சி பெற்றன. அவற்றுள் இந்த முகாமின் பெயரை இன்றுவரை நிற்கச் செய்தது கறுப்பினத்தவரைக் கொண்ட 54-ஆம் காலாட்படை.

அதிபர் லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1 அன்று வெளியானது. கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்க அந்த மாதமே அனுமதி வாங்கினார் ஆளுநர் ஜான் ஆண்ட்ரூ. அடிமை ஒழிப்புத் தலைவர் ஃபிரடெரிக் டக்ளஸ் ஆள் திரட்டியதோடு நில்லாமல், தம் மகன்களில் இருவரை அனுப்பிவைத்தார். பல மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் மாலுமிகள், முடிதிருத்துவோர், பண்ணைத் தொழிலாளர்கள் வந்து சேர்ந்தார்கள். கர்னலாகப் பொறுப்பேற்ற ராபர்ட் கூல்ட் ஷா 25 வயது வெள்ளை இளைஞர். மே 28 அன்று படை கப்பலேறியது.

ஜூலை 18 மாலை, தென் கரோலினாவில் எதிரிகள் வசமிருந்த வாக்னர் கோட்டையை அது தாக்கியது. மணலும் பனைமரத் துண்டுகளும் கொண்டு எழுப்பிய அரண் அது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சதுப்பு. நடுவே ஒடுங்கிய மணல்திட்டு. முன்னணியில் சென்ற சுமார் 600 பேரில் ஏறக்குறைய பாதிப்பேர் மாண்டார்கள், காயமுற்றார்கள், அல்லது பிடிபட்டார்கள். கொடி பிடித்தவர் விழுந்ததும் வில்லியம் கார்னி அதை ஏந்தினார். பலமுறை காயம்பட்டும் கீழே விடவில்லை. அதற்கான உயரிய விருது 1900-இல்தான் அவரைத் தேடி வந்தது. கோட்டை மதில் மீதே மாண்ட ஷாவை, அவருடைய வீரர்களோடு ஒரே குழியில் புதைத்தார்கள் எதிரிகள். அதை இழிவென்று அவர்கள் கருதினார்கள். மகன் அங்கேயே இருக்கட்டும் என்றார் தந்தை.

ஆனாலும் இப்படையின் பெரும்போர் சம்பளப் பட்டுவாடா மேசையில் நடந்தது என்றே நான் சொல்வேன். சேரும்போது சொன்ன சம்பளம் மாதம் 13 டாலர். கொடுக்க வந்ததோ 10 டாலர். அதிலும் உடைக்கு 3 டாலர் பிடித்தம். வீரர்கள் ஒரு காசும் தொடவில்லை. மிச்சத்தை மாநில அரசே தருவதாக ஆளுநர் முன்வந்தபோதும் மறுத்துவிட்டார்கள். அவர்கள் கேட்டது மூன்று டாலரையா? சமமான வீரன் என்ற கணக்கை அல்லவா! வீட்டில் மனைவி மக்கள் வாடியபோதும் அந்த மறுப்பு தளரவில்லை. திமிங்கில வேட்டைக் கப்பலில் வேலை பார்த்த கார்ப்பரல் ஜேம்ஸ் ஹென்றி குடிங், 1863 செப்டம்பரில் லிங்கனுக்கே கடிதம் எழுதி நியாயம் கேட்டார்.

1864 ஜூனில் சட்டம் வந்தது. அதிலும் ஒரு முள்: 1861 ஏப்ரல் 19-இல் சுதந்திர மனிதராக இருந்தவருக்கே சேர்ந்த நாள் முதல் முழுச் சம்பளம். ஷாவுக்குப் பின் தலைமையேற்ற கர்னல் எட்வர்ட் ஹாலோவெல் அதற்கொரு வழி கண்டார். அந்நாளில் தம் உழைப்பைக் கூலியின்றி வாங்க எவருக்கும் உரிமை இருந்ததில்லை என்று வீரர்கள் சத்தியம் செய்தார்கள். முன்பு அடிமையாக இருந்தவரும் மனசாட்சி உறுத்தாமல் சொல்லக்கூடிய சத்தியம் அது. அந்த இலையுதிர் காலத்தில் நிலுவை முழுவதும் கைக்கு வந்தது. குடிங் அதைப் பார்க்கவில்லை. ஒலஸ்டீ சண்டையில் பிடிபட்டு, ஆண்டர்சன்வில் சிறையில் ஜூலையிலேயே இறந்துவிட்டார்.

1865 ஆகஸ்டில் படை கலைக்கப்பட்டது. பாஸ்டனில் சிற்பி அகஸ்டஸ் செயின்ட்-கோடன்ஸ் வடித்த வெண்கல நினைவுச்சின்னம் 1897 மே 31 அன்று திறக்கப்பட்டது. ஒவ்வொரு வீரருக்கும் தனித்தனி முகம் கொடுத்திருந்தார் அவர். எனினும் மாண்ட கறுப்பின வீரர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டது 1980-களில்தான்.