உலர்ந்த இலையும் உயிருள்ள கன்றும்

கபிலை நதிக்கரையில் நாம் வாழும் நஞ்சன்கூட்டின் பெயரைத் தாங்கியது ரசபாளே வாழை. நம் ரஸ்தாளியின் இனத்தது. புவிசார் குறியீடும் பெற்றது. மண்ணிலிருந்து வேர்வழி நுழையும் பனாமா வாடல்நோய் அதன் தோட்டங்களைப் பெரிதும் அழித்தது. விதையற்ற பயிராதலின், கன்று அற்றால் இனமே அற்றுப்போகும். அழிந்த பயிரின் வரலாற்றைப் பின்னர் எங்ஙனம் அறிவது?

தாளில் ஒட்டிக் காக்கப்பெறும் உலர்ந்த இலைகள் இதற்கு ஓரளவு துணைபுரிகின்றன. மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ.வைச் சில மில்லிகிராம் உலர் இலையிலிருந்தே பிரிக்கலாம் என்று 1985ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் காட்டினர். விரைந்து உலர்த்திய இலையில் அது நன்கு நிலைக்கும்; ஈரத்தில் கிடந்த இலையில் மிகவும் சிதையும். கிடைப்பவை சிறு துண்டுகளே. சிதைந்த சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் காண்பதுபோல் அவற்றை இணைத்துப் படிக்கின்றனர்.

அயர்லாந்தில் 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை அழித்துப் பெரும்பஞ்சம் விளைவித்த நோய்க்கிருமியின் வகை எது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேகரித்த நோயுற்ற இலைகளை ஆராய்ந்து, 2013இல் அதனைத் தெளிந்தனர். நெடுங்காலம் ஐயுற்ற வகை அன்று அது, வேறொன்று.

கோயம்புத்தூரிலுள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்திலும் நூறாண்டு கடந்த தாவர மாதிரிகள் உள்ளன. ஆயினும், பேரிலையும் நீர்ச்சத்தும் மிக்க வாழையை உலர்த்தித் தாளில் காப்பது கடினம். அங்ஙனம் காத்தாலும், உலர்ந்த இலை இனத்தை அடையாளம் காட்டுமேயன்றிக் கன்று ஈனாது.

ஆதலின், தோட்டமுடைய நேயர்கள் நோயற்ற தோட்டத்திலிருந்து ரசபாளேக் கன்று ஒன்றேனும் பெற்று நட்டு வளர்ப்பார்களாக.